ஆம் என்பதற்கு நான் எழுதி வைத்த சொல்

1998 செப்டம்பரில் பதினோரு நாட்கள் கிரேக்கத் தீவுகளில் தனியாகச் சுற்றினேன். அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. அமெரிக்காவில், நியூ ஜெர்ஸி மாநிலத்து வெஸ்ட் வின்ட்சரில் வீடு. தினமும் காலை ரயிலில் நியூவார்க்கில் இருந்த அலுவலகத்துக்குப் போய்வருவேன். மனைவியோடு சண்டை எதுவும் இல்லை. அந்த வருஷம் எங்கள் வட்டாரத் தமிழர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தில், வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“தனியாவா போறீங்க? மேடத்துக்கு லீவ் கிடைக்கலையா?”

“கிடைச்சுது. வரலை.”

அவர் என் தட்டில் இன்னொரு வடையை வைத்துவிட்டு, பேச்சைக் கார் இன்ஷூரன்ஸ் பக்கம் திருப்பினார்.

காரணம் என் கால அட்டவணைதான். மூன்று வருஷம் முன்பு நாங்கள் வயோமிங் பக்கம் காரில் போனபோது, ஓர் ஆற்றங்கரையில் மனைவி கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்றாள். நான் கடிகாரத்தைக் காட்டினேன். அவள் எழுந்து வந்து காரில் ஏறினாள். அடுத்த மாநில எல்லை வரை பேசவில்லை. வீடு திரும்பிய பிறகு, துணிகளை வாஷிங் மெஷினில் போட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: “இனிமே உங்களோட ட்ரிப் எல்லாம் நான் வரலை. உங்க டைம்டேபிள்ல நானும் ஒரு லக்கேஜ்தான்.” சொன்னபடியே இரண்டு கோடை விடுமுறைகளில் எங்கும் வரவில்லை.

கிரேக்கம் அவள் ஆசைப்பட்ட இடம். அந்த ஆகஸ்டில் மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். மனைவியைச் சமாதானப்படுத்தும் எண்ணத்தில் நான் தீவுகளுக்கு ஒரு திட்டம் போட்டேன். நான்கு பக்கம். அவள் அதை முழுக்கப் படித்தாள். டீலோஸ் தீவின் இடிபாடுகளுக்கு 10.15 முதல் 12.45 வரை, மதியச் சாப்பாடு 12.50 என்று இருந்த வரியில் விரலை வைத்தாள்.

“நீங்க மட்டும் போயிட்டு வாங்க. வந்து, நீங்க எப்பவும் எழுதுற டைரியைக் குடுங்க, படிக்கிறேன். கூட வந்திருக்கலாமேன்னு ஒரு பக்கத்துலயாவது எனக்குத் தோணிச்சுன்னா அடுத்த தடவை வரேன். இல்லேன்னா இந்தப் பேச்சே வேண்டாம்.”

கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குக் கவலை வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மிச்சமிருக்கும் வருஷங்களில் எங்கும் தனியாகத்தான் போய்வரப் போகிறேனா என்பது அந்த டைரியில் நான் என்ன எழுதுவேன் என்பதைப் பொறுத்து இருந்தது. கிளம்பும் அன்று அவள் இன்னொன்றும் சொன்னாள்: மணி பார்த்து போன் பண்ண வேண்டாம், பண்ணத் தோன்றினால் பண்ணினால் போதும்.

நான் தயாராகத்தான் போனேன். ஊர் நூலகத்தில் ஒரு சொற்கையேடு எடுத்து, நாற்பது கிரேக்கச் சொற்களைத் தமிழ் எழுத்தில் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நன்றி என்றால் எஃபாரிஸ்தோ. தண்ணீர், நெரோ. இல்லை என்பதற்கு ஓஹி. ஆம் என்பதற்குக் கையேட்டில் ஆங்கில எழுத்தில் n, a, i என்று மூன்று எழுத்துகள் இருந்தன. நாய் என்று எழுதிக்கொண்டேன். நாற்பதில் மறக்கவே முடியாத சொல் அதுதான் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. இரண்டு வாரம் ரயிலில் போகும்போதும் வரும்போதும் மனப்பாடம் செய்தேன்.

முதல் நான்கு நாட்கள் அட்டவணைப்படியே நடந்தன. டீலோஸில் நிழலே இல்லை. மூக்கும் தாடையும் தேய்ந்துபோன பளிங்குச் சிங்கங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை அடி என்று நடந்து பார்த்து எழுதினேன். படகுக்குத் திரும்பியபோது மணி 12.41. அதையும் எழுதினேன்.

ஐந்தாம் நாள் பாரோஸ் தீவிலிருந்து நாக்சோஸுக்குப் போக வேண்டும். கப்பல் 11.35க்கு. நான் பதினொரு மணிக்கே துறைமுகத்தில் நின்றேன். காற்று பலமாக இருந்தது. எல்லாக் கப்பல்களும் தாமதம். பன்னிரண்டு மணி தாண்டி இரண்டு கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. இரண்டும் பின்பக்கக் கதவை இறக்கின. லாரிகளும் ஆட்களும் குறுக்கும் நெடுக்குமாக ஓடினார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் விசில் ஊதி வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். நான் முதல் கப்பலைக் காட்டி, “நாக்சோஸ்? நாய்?” என்று கேட்டேன்.

“நே, நே” என்றார், என்னைப் பார்க்காமலே.

ஆங்கிலத்தில் நோ, இந்தியில் நஹி; என் காதுக்கு இதுவும் இல்லை என்றுதான் கேட்டது. சரி என்று இரண்டாவது கப்பலுக்குப் போய், அங்கே கயிற்றைப் பிடித்து நின்றவரிடம் அதையே கேட்டேன். அவர் முகவாயை மேலே தூக்கி, நாக்கை ஒருமுறை சொடுக்கினார். நம் ஊரில் ஒருவர் முகவாயைத் தூக்கினால் “என்ன?” என்று அர்த்தம். கேள்வி புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் உரக்க, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். மறுபடியும் முகவாயைத் தூக்கினார். மூன்றாம் முறை டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி, கையை நீட்டினார். முதல் கப்பல் கதவைத் தூக்கிக்கொண்டு கரையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

டிக்கெட் கடையில் இருந்த பெண்ணுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. நாக்சோஸுக்கு இனி நாளைக்குத்தான் கப்பல் என்றாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, a, i என்ற அந்த இரண்டு உயிரெழுத்துகளும் சேர்ந்தால் ஏ என்றுதான் ஒலிக்கும், நே என்றால் ஆம், முகவாயைத் தூக்கினால் இல்லை என்று விளக்கினாள். நான் சரி என்பதற்கு வழக்கம்போலத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். நான் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். அங்கேயே நின்று கடைசிப் பக்கத்தில் நாய் என்பதை அடித்து, நே என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டேன்.

துறைமுகத்தில் அறை வாடகைக்கு என்று அட்டை பிடித்து நின்ற ஓர் அம்மாளின் பின்னால் போய் ஓர் அறை எடுத்தேன். பையை வைத்த பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. பாரோஸில் பார்க்க வேண்டியதை முந்தின நாளே பார்த்து முடித்திருந்தேன். தெருவின் முடிவில் ஒரு சின்னக் கடற்கரை இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தேன். ஷூவைக் கழற்றி, சாக்ஸை அதற்குள் வைத்தேன். கொஞ்சம் கழித்து பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு முழங்கால் வரை தண்ணீரில் நின்றேன். தண்ணீர் நினைத்ததைவிடக் குளிர்ச்சி. அடியில் கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பக்கத்தில் ஒரு குடும்பம் தர்பூசணி அறுத்துக்கொண்டிருந்தது. வேண்டுமா என்று சைகையால் கேட்டார்கள். “நே” என்றேன். ஒரு துண்டு வந்தது.

வரும் வழியில் போன் பூத் இருந்தது. கார்டைப் போட்டு வீட்டுக்குப் பேசினேன். நியூ ஜெர்ஸியில் அப்போது சனிக்கிழமைக் காலை.

“என்னங்க, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்றாள். நான் அந்த நேரத்தில் கூப்பிடுவேன் என்று எதிர்பார்க்கவில்லை.

கப்பலை விட்டுவிட்டேன் என்றேன். “நீங்களா?” என்றாள். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு பஸ்ஸைக்கூட விட்டதில்லை. முழுக் கதையையும் வரிசையாகச் சொன்னேன்.

“அந்த ஆளை நேருக்கு நேரா நாய்னா சொன்னீங்க?”

“ரெண்டு பேரை.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். மறுபடியும் சிரித்தாள். என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு நாளாகியிருந்தது.

“சரி, இப்ப என்ன பண்ணிட்டிருக்கீங்க?”

“ஒண்ணும் பண்ணலை.”

“ஒண்ணுமேவா?”

“கால் ஈரமா இருக்கு.”

பின்னால் குக்கர் இரண்டு விசில் அடித்தது. அவள் அணைக்கப் போகவில்லை. பிறகு கார்டு தீர்ந்துவிட்டது.

மறுநாள் நாக்சோஸ் போனேன். துறைமுகத்துக்குப் பக்கத்துக் குன்றில் பெரிய பளிங்கு வாசல் ஒன்று தனியாக நிற்கிறது. கோயிலைக் கட்டி முடிக்காமல் விட்டுவிட்டார்களாம், வாசல் மட்டும்தான். அதற்கு நாற்பது நிமிஷம் ஒதுக்கியிருந்தேன். நாற்பது நிமிஷம்தான் இருந்தேன். மற்ற நாட்களும் திட்டப்படியே முடிந்தன.

வீட்டுக்கு வந்ததும் டைரியைக் கொடுத்தேன். இரண்டு மாலைகள், வேலையிலிருந்து வந்தபின், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்தாள். நான் பக்கத்து அறையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கம் திரும்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டீலோஸ் பக்கங்கள் சீக்கிரமே திரும்பின. இரண்டாம் நாள் மாலை சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்துக் கூப்பிட்டாள். பாரோஸ் பக்கம் திறந்திருந்தது.

“இதுல மத்தியானத்துக்கு அப்புறம் மணியே எழுதலையே.”

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். கடற்கரை, தர்பூசணி, போன், எதற்கும் நேரம் இல்லை. விட்டுப்போனது அதுவரை எனக்கே தெரியாது.

“அடுத்த வருஷம் போனா இந்த மாதிரி நாள் எத்தனை விடுவீங்க?”

யோசித்தேன். “ரெண்டு.”

“நாலு.”

மூன்று என்று முடிவாயிற்று. அந்த மூன்று எந்தெந்த நாட்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.