பொட்டு வைத்த பட்டாளத்துக் கத்தி

ராஜபாளையத்து மாமாவுக்குப் பெண் அமையாததற்கு அவருடைய கண்ணாடி பீரோதான் காரணம் என்று அம்மா உறுதியாக நம்பினாள். மாமாவுக்கு மில்லில் ஃபிட்டர் வேலை, சொந்த வீடு, கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. ஆனால் பெண் வீட்டார் வந்து உட்கார்ந்தால் நேர் எதிரே பீரோவுக்குள் வரிசையாகக் கத்திகள் தொங்கும். எல்லாம் பழைய பட்டாளத்துக் கத்திகள். மதுரைப் பழைய சாமான் கடைகளிலும் ராணுவத்தில் இருந்து வந்தவர்கள் வீடுகளிலும் அலைந்து திரிந்து சேர்த்தவை. காப்பியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் யாரும் சொல்லி அனுப்பியதில்லை.

லீவுக்கு அங்கே போனால் அந்த பீரோவைத் துடைப்பது என் வேலை. துடைத்துக்கொண்டே கேள்வி கேட்டுக் குடைவேன். அசலுக்கும் போலிக்கும் உள்ள வித்தியாசம் அப்படித்தான் எனக்குப் பிடிபட்டது. பழைய துரு கறுத்துப்போய் இரும்போடு ஒட்டிக்கிடக்கும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு வரவழைத்த துரு துணியில் காவி நிறத்தில் அப்பிக்கொள்ளும். அடித்துப் பதித்த முத்திரையின் ஓரம் நகத்தில் தட்டும். ஆசிட் ஊற்றி எழுதியது தட்டாது. இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லி, கத்திக்காரி என்று பட்டப்பெயரும் வாங்கியிருந்தேன்.

பீரோவின் நடுவில் ஒரு கொக்கி மட்டும் எப்போதும் காலியாக இருக்கும். இரண்டு பக்கமும் கூர், பிடி முழுக்க வளையம் வளையமாக வரி, பிடிக்கும் அலகுக்கும் நடுவே சின்னதாக ஒரு குறுக்குப்பட்டை. அந்த மாதிரிக் கத்திக்காக ஒதுக்கிய இடம் அது. வந்து சேர்ந்ததெல்லாம் போலி. அசலை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், கல்யாணமே வேண்டாம் என்பார் மாமா. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த வேடிக்கையைக் கேளுங்கள். அந்த மாதிரி ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது. தாத்தா பர்மா சண்டைக்குப் போய்வந்தவர் என்பதால் எங்கள் வீட்டுக்குப் பட்டாளத்து வீடு என்று பெயர். ஆபீசர் ஒருவர் தன் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்த கத்தி என்பார் தாத்தா. ஆயுத பூஜையன்று மட்டும்தான் அது வெளியே வரும். அன்று மில்லிலும் பூஜை என்பதால் மாமா அதைப் பார்த்ததே இல்லை. பூவும் சந்தனமுமாகவே பார்த்த எனக்கும் மாமா தேடுவது இதுதான் என்று உறைக்கவில்லை.

தாத்தா போன பிறகு பெரியப்பாவும் அப்பாவும் பாகம் பிரித்தார்கள். வ. புதுப்பட்டி வயல், வீடு, பண்டபாத்திரம் எல்லாம் சத்தமில்லாமல் பிரிந்தன. கத்தியில் வந்து முட்டிக்கொண்டது. மூத்தவனுக்குத்தான் அது என்றார் பெரியப்பா. கடைசிவரை கஞ்சி ஊற்றியவனுக்குத்தான் என்றார் அப்பா. பேச்சு நின்றது. வீட்டை நடுவில் மறித்துச் சுவர் எழுப்ப வாசலில் செங்கல் வந்து இறங்கியது. பெரியப்பா மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவள் இல்லாமல் நான் பல்கூடத் தேய்த்ததில்லை. சுவர் வந்துவிட்டால் அவள் அடுத்த வீட்டுப் பிள்ளை. அந்தச் செங்கல் அடுக்கின் பக்கமே நான் போவதில்லை.

அம்மாதான் ஒரு யோசனை சொன்னாள். முதலில் அது உண்மையிலேயே பட்டாளத்துக் கத்திதானா என்று தன் தம்பி வந்து பார்க்கட்டும், பிறகு அடித்துக்கொள்ளுங்கள் என்றாள். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். நான்கு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

மாமா வந்தபோது கத்தி எவர்சில்வர் கரண்டி போல மின்னியது. வருகிறவர் முன்னால் மானம் போகக் கூடாது என்று பெரியம்மா வாசலில் கிடந்த செங்கலில் ஒன்றைப் பொடித்து, புளி சேர்த்துத் தேய்தேய் என்று தேய்த்திருந்தாள். வருஷா வருஷம் பூஜைக்கு முன்னால் செய்வதுதானாம். மாமா அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பழைய துருவின் தடமே இல்லை.

“எம்புட்டு பளபளன்னு இருக்கு பாத்தீங்களா” என்றாள் பெரியம்மா.

குறுக்குப்பட்டையை மட்டும் அவள் தேய்க்கவில்லை. சாமிக்கு வைத்த பொட்டை அழிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். போன வருஷத்துச் சந்தனத்தின் மேல் இந்த வருஷத்துச் சந்தனம், அதன் மேல் குங்குமம் என்று அந்த இடம் பொருக்குத் தட்டிக் கிடந்தது. மாமா வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் அவர் முழங்கையை ஒட்டி நின்றேன். நகத்தால் மெல்லச் சுரண்டினார். பொருக்கு ஒரு சில்லாகப் பெயர்ந்தது. அடியில் அம்புக்குறி போல ஒரு பட்டாளத்து முத்திரையும், பக்கத்தில் ஓர் இங்கிலீஷ் எழுத்தும் நேற்று அடித்தது மாதிரி இருந்தன. நானும் விரலை நீட்டித் தொட்டேன். நகத்தில் தட்டியது.

அப்போது பின்னாலிருந்து பெரியப்பா சொன்னார்: “அசல்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிரு மாப்ள. பொறவு யாருக்குன்னு நாங்க பாத்துக்கிடுதோம்.”

“ஆமா, பாத்துக்கிடுவோம்” என்றார் அப்பா. அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

மாமா இருவரையும் பார்த்தார். வாசலில் இருந்த செங்கலைப் பார்த்தார். பிறகு பெயர்ந்த சில்லை எச்சில் தொட்டு அதே இடத்தில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார்.

“டூப்ளிகேட்டு அத்தான். சந்தையில வாங்குனது.”

“மாமா, நகத்துல...” என்று ஆரம்பித்தேன்.

“ஏட்டி, செத்த தண்ணி கொண்டா” என்றார்.

தண்ணீரோடு வந்தபோது பெரியப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். “அய்யா நம்மள எம்புட்டு நாளா ஏமாத்தியிருக்காரு பாத்தியாலே” என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆபீசரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் தாத்தாவுக்குக் கண் கலங்கும். அவரைப் பொய்யர் ஆக்கிவிட்டு இருவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். மாமா பாட்டுக்குத் தண்ணீர் குடிக்கிறார். அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். அவள் முகத்தைப் பார்த்தால் அழுகிறாளா சிரிக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

கிளம்பும்போது, நீயே எடுத்துக்கொண்டு போ என்று பெரியப்பா கத்தியை மாமாவிடம் நீட்டினார். போலி எனக்கெதற்கு என்று மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கத்தி பெரியம்மாவிடம் தேங்காய் கீறப் போய்ச் சேர்ந்தது. செங்கல் கோழிக்கூடாயிற்று. ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை பக்கத்தில் வைத்து, பழைய பொட்டின் மேலேயே பெரியம்மா இன்றைக்கும் பொட்டு வைக்கிறாள்.

லீவு என்பதால் மாமாவோடு நானும் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். நகத்தில் தட்டியதே என்று வழியெல்லாம் நச்சரித்தேன்.

“ஒனக்குத் தட்டுச்சா? எனக்குத் தட்டலையே” என்றார் மாமா. இத்தனை வருஷம் கத்தி சேர்த்தும் இவருக்கு ஒரு எழவும் தெரியவில்லை என்று முடிவுகட்டி, ஊர் வரும்வரை அவரிடம் பேசவில்லை.

மறுநாள் காலையில் மாமா பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். காலியாக இருந்த நடுக்கொக்கியைத் திருகிக் கழற்றினார். மற்றக் கத்திகளை நெருக்கி, இடைவெளி தெரியாமல் மாட்டினார். அந்தக் கத்தி இனிமேல் வேண்டாமா என்று கேட்டேன்.

“அதான் பாத்தாச்சுல்லட்டி” என்றார்.

எதைப் பார்த்தார், போலியைத்தானே பார்த்தார் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.