கன்றுகளுக்கு அப்பா அடித்த வேலி

அப்பாவின் தொழில் வேலி அடிப்பது. நாங்கள் குடியேறிய குளிர்நாட்டில், மில்லிக்கனில் இருந்து அஜக்ஸ் வரை எத்தனையோ வீடுகளின் பின்வளவுகளை அவர் அடித்த பலகைகள்தான் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. காரில் போகும்போது அவருடைய வேலி ஒன்று கண்ணில் பட்டால் வேகத்தைக் குறைப்பார். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்தாலும், அது நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் நகருவார். அப்படிப்பட்டவரின் சொந்தத் தம்பியுடைய வேலி விழுந்துவிட்டது என்று ஒருநாள் செய்தி வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

சித்தப்பா முன்னர் லொறி ஓட்டினார். அந்த வேலையை விட்டுவிட்டு, எங்கள் வீட்டிலிருந்து வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில், வெள்ளைக்காரக் கிழவர் ஒருவரின் புல்வெளியைக் குத்தகைக்கு எடுத்து மாடு வளர்க்கத் தொடங்கினார். பால்மாடு என்றால் அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பார். ஆனால் இவை இறைச்சிக்கு விற்கிற மாடுகள். வெள்ளிக்கிழமை தவிர்ந்த எல்லா நாளும் ஆட்டிறைச்சியை ரசித்துச் சாப்பிடுகிற அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தே, எங்கட குடும்பத்தில் ஒருத்தரும் மாட்டை வெட்டக் கொடுத்ததில்லை என்றார். சித்தப்பா சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து தலையை எடுக்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

“விடியக்காலமை நீங்கள் குடிக்கிற பால்தேத்தண்ணி இருக்கெல்லே அண்ணை, அந்த மாட்டின்ர கண்டுக்குட்டி எங்க போகுது எண்டு ஒருநாளாவது கேட்டனீங்களே?”

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அதன் பிறகு இரண்டு வருடம் இருவரும் கதைக்கவில்லை. பிறந்தநாள் விழாக்களில் மண்டபத்தின் இரண்டு மூலைகளில் நின்றார்கள். அம்மாவும் சித்தியும் மட்டும் நாள் தவறாமல் தொலைபேசியில் கதைத்து, இந்த வீட்டுச் செய்தியை அங்கேயும் அந்த வீட்டுச் செய்தியை இங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

எனக்கு ஒன்பது வயதான அந்த இலையுதிர்காலத்தில் சித்தப்பாவின் கன்றுகள் நன்றாக வளர்ந்துவிட்டன. பால் மறக்கடிக்க வேண்டிய நேரம். தாயைக் காணாவிட்டால் சீக்கிரம் மறந்துவிடும் என்று நினைத்து, அவற்றைத் தூரத்தில் இருந்த பழைய கொட்டிலின் முற்றத்துக்குள் அடைத்தார். கன்றுகள் மறக்கவில்லை. இரவும் பகலும் கத்தி, உக்கிய பலகைகளில் எல்லாமாகச் சாய்ந்து, வேலியைப் படுக்கவைத்துவிட்டு, பக்கத்துச் சோயா வயலை உழக்கிக்கொண்டு பெரிய ரோட்டில் போய் நின்றன. இரண்டு பக்கமும் கார்கள் வரிசையாக நின்றனவாம். ஒரு கன்றுக்கும் காயமில்லை என்பது அதிசயம்தான். ஆனால் நிலத்துக்காரக் கிழவர் வந்து, இன்னொரு தரம் ரோட்டில் மாட்டைக் கண்டால் குத்தகை முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சித்தி இதை அழுதழுது சொன்னபோது, அம்மா தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, அப்பாவின் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கறியைக் கிளறப் போய்விட்டார். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சித்தி கதைத்து முடிக்கும்வரை பக்கம் திருப்பவில்லை.

நன்றி நவிலல் பண்டிகைத் திங்கட்கிழமை, பள்ளிக்கூட விடுமுறை. காலையில் பார்த்தால் அப்பாவின் வேலை வண்டியான வானில் மண்வாரி, அலவாங்கு, கம்பி இழுக்கிற சாமான் எல்லாம் ஏறியிருந்தன. எங்கே போகிறீர்கள் என்று அம்மா கேட்கவில்லை. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ என்றார். நான் உதவிக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு குழந்தைக்கு முன்னால் இரண்டு பேரும் சண்டை பிடிக்கமாட்டார்கள் என்பது அம்மாவின் கணக்காக இருந்திருக்க வேண்டும்.

வானைக் கண்டதும் சித்தப்பா ஓடிவந்தார். அப்பா மாடுகள் நின்ற பக்கம் திரும்பாமலே இறங்கினார்.

“நான் மாட்டுக்கு வரேல்லை. வேலிக்கு வந்தனான்.”

“ஓம் அண்ணை,” என்றார் சித்தப்பா.

உயரமான பலகை அடித்து, ஒரு விரல் நுழைய இடமில்லாமல் மறைத்துவிடலாம் என்பது அப்பாவின் யோசனை. தாயைக் கண்டால்தானே கத்தும்? சித்தப்பா தயங்கித் தயங்கி, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அப்படி மறைத்துத்தான் பிழையாய்ப் போனது என்றார்.

“காணாட்டித்தான் அண்ணை தேடிக்கொண்டு ஓடும். பக்கத்திலயே நிக்கவேணும். முகம் தெரியவேணும், மூக்கால முகரவேணும். பால் குடிக்க மட்டும் ஏலாமல் இருக்கவேணும்.”

பலகையில் பெயர் எடுத்த மனிதரிடம் பலகை வேண்டாம் என்று சொல்கிறார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் புல்வெளியை இந்தத் தொங்கலில் இருந்து அந்தத் தொங்கல் வரை பார்த்தார். பிறகு, “அப்ப பின்னல் கம்பி,” என்றார்.

புல்வெளியை நடுவால் பிரித்து வேலி போவதாக முடிவாயிற்று. ஒரு பக்கம் தாய்கள், மறுபக்கம் கன்றுகள். மூலைத் தூணுக்குச் சித்தப்பா நிலத்தில் கிடங்கு வெட்டி, காணும், போதும் என்றார். அப்பா, இன்னும் என்றார். சித்தப்பாவின் இடுப்பு வரை கிடங்குக்குள் போன பிறகும் இன்னும் என்றார். தூண்களுக்கு முட்டுக் கொடுத்து, கம்பியை இழுத்து இழுத்து, தட்டினால் வீணைத் தந்தி மாதிரிச் சத்தம் வரும்வரை விடவில்லை. கொட்டிலுக்குள் பூட்டி வைத்திருந்த கன்றுகள் தொண்டை அடைத்துக் கத்திக்கொண்டிருந்தன. தாய்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

கன்றுகளின் பக்கம் மூக்கு உயரத்துக்கு ஒரு கறண்ட் கம்பியும் கட்டினார்கள். அதற்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, இப்ப நீதான் கண்டு. எங்கயாவது புகுந்து அங்கால போ பாப்பம்.”

என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அப்படி ஒரு வேலை தந்ததில்லை. நான் நாலு காலில் போனேன். தலையால் முட்டினேன், தோளால் தள்ளினேன். வேலியில் வைத்த படலைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு இடைவெளி கண்டுபிடித்தேன், உடனே அடைத்தார்கள். மழைத்தண்ணி ஓடி நிலம் பள்ளமான ஓரிடத்தில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஊர்ந்து மறுபக்கம் எழும்பினேன். எனக்கு மேலே ஒரு கறுத்தப் பசுவின் முகம். அது மூச்சு விட, என் தலைமயிர் பறந்தது. நான் வென்றுவிட்டேன் என்று கத்தினேன். அப்பா ஓடிவந்து என்னைத் தூக்கினார். பசு அவருடைய கையையும் முகர்ந்தது. அவர் கையை எடுக்கச் சற்று நேரம் சென்றது. பிறகு அந்தப் பள்ளத்துக்குக் குறுக்கே ஒரு பெரிய மரக்கட்டையைக் கிடத்தி இறுக்கினார்கள்.

பின்னேரம் கன்றுகளைத் திறந்துவிட்டார்கள். தாய்களைக் கண்டதும் அவை கூட்டமாக வேலியை நோக்கிப் பாய்ந்தன. நிலம் அதிர்ந்தது. அப்பா மூலைத் தூணில் ஒரு கையை வைத்தபடி நின்றார். முன்னால் வந்த சிவலைக் கன்று கறண்ட் கம்பியில் மூக்கை வைத்துத் துள்ளிப் பின்வாங்கியது. இன்னொன்று நிற்க முடியாமல் கம்பி வலையில் மோதியது. வேலி ஒருமுறை வளைந்து கொடுத்து அதைத் திருப்பி அனுப்பியது. தூண் அசையவில்லை. ஒரு கெட்டிக்காரக் கன்று என்னுடைய பள்ளத்தைக் கண்டுபிடித்து, முழங்காலை ஊன்றி மரக்கட்டையைத் தள்ளிப் பார்த்தது. கட்டையும் அசையவில்லை. அது எழும்பி நின்று வானத்தைப் பார்த்துக் கத்த, மறுபக்கத்தில் தாய் வந்து, கம்பிக்கு மேலால் கழுத்தை நீட்டி அதன் நெற்றியை நக்கியது.

சித்தப்பா புல்லில் அப்படியே குந்திவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் வேலி நீளத்துக்கும் ஓடிக் கூவினேன்.

சத்தம் கேட்டு நிலத்துக்காரக் கிழவர் ட்ராக்டரில் வந்தார். மூலைத் தூணைச் சப்பாத்தால் உதைத்துப் பார்த்தார். தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். யார் இதை அடித்தது என்று கேட்டார். சித்தப்பா, “என்ர அண்ணை,” என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு நினைவு வந்தவராக ஆங்கிலத்தில் சொன்னார். தன்னுடைய வேலியையும் பார்த்துத் தரமுடியுமா என்று கிழவர் அப்பாவிடம் கேட்டார். அப்பா தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டுக்கொண்டார். சித்தி கொண்டுவந்த பிட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும், கவிழ்த்த வாளியின் மேல் குந்தியிருந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை, கம்பி தளர்ந்திருக்கும், பார்க்க வேண்டும் என்று அப்பாவே வானை எடுத்தார். கன்றுகள் கத்துவதை நிறுத்திவிட்டிருந்தன. வெயிலில் படுத்து அசைபோட்டன. தாய்கள் தூரத்தில் மேய்ந்தன. நான் படலையில் ஏறி இருந்தேன். அப்பா வேலிக்கு இந்தப் பக்கமும் சித்தப்பா அந்தப் பக்கமுமாக நடந்து போனார்கள். ஒவ்வொரு தூணிலும் நின்று கதைத்தார்கள். ஓரிடத்தில் அப்பா வேலிக்கு மேலால் கையை நீட்டிச் சித்தப்பாவின் தோளில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டார். வேலி முடிந்த பிறகும் திரும்பி வர வெகுநேரம் ஆனது.

வீட்டுக்கு வரும் வழியில், என்ன அப்பா அவ்வளவு நேரம் கதைத்தனீங்கள் என்று கேட்டேன்.

“வேலியைப் பற்றித்தான்,” என்றார்.

நான் நம்பினேன். நல்லாக நிற்கிற ஒரு வேலியைப் பற்றி இரண்டு பெரிய மனிதர்களுக்கு அவ்வளவு நேரம் கதைக்க என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.