கடத்தூர் போய் ஜேம்ஸ்டவுனைப் பற்றிச் சொன்னது

போன வியாழக்கிழமை தருமபுரி மாவட்டம் கடத்தூர் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில், என்னோடு நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்த சரவணன் ஜனவரியில் தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனான். முப்பத்து மூன்று வயது. உடலோடு கூடவே வர என் விசா அப்போது இடம் கொடுக்கவில்லை. எட்டு மாதம் கழித்து விடுப்பு கிடைத்ததும் அவன் பெற்றோரைப் பார்க்கக் கிளம்பினேன். இப்படி ஒரு வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் இதை வாசிப்பீர்கள் என்பதால் வழியையும் எழுதிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து காலை ரயிலில் மொரப்பூர், ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து கடத்தூருக்கு டவுன் பஸ், பதினைந்து ரூபாய். அங்கிருந்து அவன் ஊருக்கு ஆறு கிலோமீட்டர். மதியத்தில் பஸ் கிடையாது; ஆட்டோவுக்கு நூற்றைம்பது கொடுத்தேன். வானம் இருட்டிக்கொண்டே வந்தது, பெய்யவில்லை.

"மாதப்பன் வூடுங்களா? அமெரிக்காவுல பையன் தவறிட்டானே, அவங்க வூடுதானுங்க?" என்றார் ஓட்டுநர். ஆமாம் என்றேன். வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

சரவணனின் அப்பா மாதப்பன் மரவள்ளிக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அம்மா களியும் கீரையும் வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை இருவரும் எதுவும் கேட்கவில்லை. கை கழுவியதும் அம்மா சரவணனின் போனை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"தம்பி, இதுல இருக்கற படத்தையெல்லாம் பாத்தேன். சிலுவையா இருக்குது. இடிஞ்ச சுவரு, சமாதி. கடைசி ரெண்டு மாசமும் சுடுகாடாத்தான் சுத்தியிருக்கான். மறைக்காம சொல்லுங்க. அவன் சாகணும்னு நெனச்சானா?"

மாதப்பன் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார். அவரிடமும் அம்மா இதைக் கேட்டதில்லை என்று அப்போது புரிந்தது.

"இல்லம்மா. அதெல்லாம் நாங்க சனிக்கிழமைல சுத்திப் பாத்த இடம். 'இந்த மண்ணுல வேலை பாக்கறோம், இங்க என்ன நடந்துச்சுன்னு தெரியாம எப்படிடா இருக்கறது'ன்னு என்னையும் இழுத்துட்டுப் போவான்."

படம் படமாகச் சொன்னேன். வரிசையாகச் சிலுவைகள் நிற்பது ஜேம்ஸ்டவுன். நானூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவர்கள் ஆற்றோரம் கோட்டை கட்டிய இடம். நோயிலும் பசியிலும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். தங்கள் எண்ணிக்கை குறைவது அந்த மண்ணின் பழங்குடிகளுக்குத் தெரியக்கூடாது என்று கோட்டைக்குள்ளேயே புதைத்தார்கள். பிழைத்தவர்கள் புகையிலை பயிரிட்டார்கள். பழங்குடிகளின் நிலம் போயிற்று. அந்தப் புகையிலைக் காட்டில் வேலை செய்யப் பிற்பாடு ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைப் பிடித்து வந்தார்கள்.

அம்மா அந்தச் சிலுவைகளை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இவங்க அம்மாங்களுக்கு யாரு போயி சொன்னாங்க?"

"கப்பல்லதான் சேதி போகணும். மாசக்கணக்கா ஆகும்மா. சில பேருக்குப் போயே இருக்காது."

"அதுவரைக்கும் புள்ள உசுரோட இருக்கான்னு நெனச்சிட்டு இருந்திருப்பா." போனைக் கீழே வைத்தார். "எனக்கு அன்னிக்கே போன் வந்துருச்சு."

அடுத்த படம் ரிச்மண்ட். வெறும் புல்தரை, பக்கத்தில் நெடுஞ்சாலை. அடிமைகளை விற்பதற்கு முன் அடைத்து வைத்த சிறை அங்கே இருந்தது. அடிமை முறையை ஒழித்த அமெரிக்க உள்நாட்டுப் போர் நெருங்கிய வருடங்களில் அந்த வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. தாயை ஒருவனுக்கும் பிள்ளையை வேறொருவனுக்கும் விற்பார்கள் என்று சொல்ல வந்தவன் பாதியில் நிறுத்தினேன்.

"சொல்லுங்க," என்றார் அம்மா. சொன்னேன். "அங்க நின்னு எம்புள்ள என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலம்மா. திரும்பி வர்ற வழி பூரா பேசல. வீட்டுக்கு வந்ததும் உங்களுக்குத்தான் போன் பண்ணினான்."

"ஆமா. ஒரு சனிக்கிழம, சும்மாதாம்மா கூப்ட்டேன்னான்."

அப்போதுதான் அழுதார். எட்டு மாதத்தில் இப்படி வாய்விட்டு அழுதது இன்றுதான் என்று பிறகு மாதப்பன் சொன்னார். அவரும் எழுந்து மாட்டுப் பக்கம் போய்விட்டார்.

கிளம்பும்போது, எப்போது திரும்பிப் போகிறேன் என்று அம்மா கேட்டார். அடுத்த வாரம் என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போவாதீங்கன்னு சொல்ல வாய் வருது தம்பி. சொல்ல மாட்டேன்."

போகப் போகிறவர்களுக்கு: மாலை ஐந்தரைக்கு ஊரிலிருந்து கடத்தூருக்கு ஒரு பஸ் உண்டு, அதைத் தவறவிட்டால் வண்டி கிடைப்பது கஷ்டம். பழம் வாங்கிப் போனால் போதும். அவசரமாக எழுந்துவிடாதீர்கள்; கேட்க வேண்டியதை அவர்கள் கேட்க நேரம் பிடிக்கும். கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள், இனிப்பு தடவாதீர்கள். மனம் லேசாகித் திரும்புவீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு ஆகவில்லை.

இதைக் கும்பகோணத்தில் எங்கள் வீட்டிலிருந்து எழுதுகிறேன். என் அம்மா பொடி வறுத்துப் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். எப்போதும் எடை கூடும் என்று சண்டை போடுவேன். இந்த முறை பக்கத்தில் உட்கார்ந்து, அவள் எடுத்துத் தருவதையெல்லாம் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறேன்.