செவலையின் வாய்

நம் நாய் செவலை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. சோற்றுத் தட்டுக்கு ஓடி வரும், முகர்ந்து பார்க்கும், ஒரு வாய் எடுக்கும், உடனே தலையை உதறிவிட்டு விலகிப்போகும். முன்னங்காலால் வலது கன்னத்தைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. அதற்குக் கொழுப்பு என்று நினைத்தேன். "கறி போட்டாத்தான் தொர தின்னுவாரு" என்று விலாவில் ஓர் உதையும் விட்டேன்.

பிள்ளைகளே, நாய்க்குட்டி வாங்கித் தரச் சொல்லி நீங்கள் கேட்கிறீர்கள். வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். செவலையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது உண்மை இல்லை.

மூன்றாம் நாள் அதன் வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது. கிட்டப் போனால் அழுகிய நாற்றம். பாப்பா, உனக்கு அப்போது ஏழு வயது. நீ அதன் முகத்தைத் தடவினாய். அது வெடுக்கென்று உன் கையைக் கவ்வ வந்தது. பல் படவில்லை, எச்சில்தான் பட்டது. எதிர் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"யோவ், எச்சி ஒழுவுது பாருய்யா. வெறி புடிச்சிருக்குது!"

அரை மணி நேரத்தில் தெருவே நம் வாசலில் நின்றது. முருங்கை மரத்தில் அதைக் கட்டினேன். வெறிநாய் தண்ணீருக்குப் பயப்படும், வைத்துப் பார் என்றார்கள். விளிம்பு உடைந்த பீங்கான் பேசினில் தண்ணீர் வைத்தேன். செவலை தானாகவே வந்தது. நாக்கை நீட்டியது, வீலென்று கத்திப் பின்வாங்கியது.

"பாத்தியா? தண்ணியக் கண்டதும் அலறுது."

"தண்ணி புடிக்கலயாம். ஒரு டீ ஆத்திக் குடுங்கய்யா" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அது மூன்று முறை அந்தத் தண்ணீரிடம் திரும்பி வந்தது. தண்ணீருக்குப் பயந்திருந்தால் திரும்பி வராதே என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பீங்கான் கம்பெனியிலிருந்து கழித்துக் கொட்டிய சில்லுகள் தெருவோரம் குவிந்து கிடந்தன. தெருப் பிள்ளைகள் அவற்றை எடுத்து அதன்மேல் எறிந்தார்கள். ஒன்று அதன் காதைக் கிழித்தது. நான் தடுக்கவில்லை.

உங்கள் அம்மா மட்டும் சொன்னாள்: "மாட்டாஸ்பத்திரி டாக்டரக் கூட்டியாந்து காட்டுங்க. சைக்கிள்ல போனா பத்து நிமிசம்."

நான் கிளம்பினேன். எதிர் வீட்டுக்காரர் மறித்தார். "பொம்பள புள்ளய வூட்டுல வச்சிக்கிட்டு நாயிக்கு வைத்தியம் பாக்கப் போறியா? நல்ல அப்பன்யா நீ!"

அந்த ஒரு சொல்லுக்குச் சைக்கிளைத் திரும்ப நிறுத்திவிட்டேன்.

உங்களையும் அம்மாவையும் கருவேப்பிலங்குறிச்சி மாமா வீட்டுக்கு பஸ் ஏற்றி அனுப்பினேன். மதியம் இரண்டு பேர் இரும்புக் குழாயோடு வந்தார்கள். அவர்களைக் கண்டு செவலை மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. "ஒங்கிட்டதான் வரும், நீயே கூப்புடு" என்றார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "வாடா, வா வா" என்றேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. முதல் அடி விழும்போதும் வால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஐந்தாவது அடியில்தான் நின்றது.

குழியில் இறக்கும்போது வாய் திறந்தது. மேலண்ணத்தில், இரண்டு கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே, குறுக்காக ஓர் எலும்புத் துண்டு இறுகி மாட்டியிருந்தது. என் சுண்டுவிரல் நீளம்தான். சுற்றிலும் சதை கறுத்து அழுகியிருந்தது. குச்சியால் நெம்பினேன். டக்கென்று வந்து விழுந்தது.

"அட, எலும்புய்யா" என்றார் ஒருவர். மற்றவர், "சரி சரி, மண்ணத் தள்ளு. வெளிய சொல்லி என்னா ஆவப்போவுது?" என்றார்.

வாய் நாறினால், எச்சில் ஒழுகினால், ஒரே பக்கம் கன்னத்தைப் பிறாண்டினால், பசியோடு வந்து சோற்றை விட்டுப் போனால், அதற்கு வலி. அதுவே வெறியாகவும் இருக்கலாம். எது என்று உங்களுக்கோ எனக்கோ தெரியாது. அதன் வாய்க்குள் கையை விடாதீர்கள். கட்டிவைத்துவிட்டு, எச்சில் பட்ட இடத்தை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, டாக்டரிடம் ஓடுங்கள். நாலு பேர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

மறுநாள் நீங்கள் திரும்பி வந்தீர்கள். செவலையை டாக்டர் கொண்டுபோயிருக்கிறார் என்றேன். பாப்பா, உன்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நர்ஸம்மா, "நாய் இருக்குதா, செத்துப்போச்சா?" என்று கேட்டார். உன்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "செத்துப்போச்சிங்க, வெறி" என்றேன். எலும்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஊசி போட்டதில் தவறில்லை. சோதிக்காமல் செத்த நாய்க்கு வெறி இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் நான் உன்னைக் கூட்டிப்போனது அதற்காக இல்லை. உனக்கு ஊசி போட்டால்தான் தெருவில் அது வெறிநாயாகவே இருக்கும்.

ஐந்து ஊசி. ஒவ்வொரு முறையும் உன் கையை நான்தான் அசையாமல் பிடித்துக்கொண்டேன். கடைசி ஊசியன்று நீ அழவில்லை.

"செவலைக்கும் இப்படித்தான் போடுறாங்களாப்பா?"

"ஆமாம்மா."

"நீங்க பக்கத்துல இருந்தா அது கடிக்காதுப்பா. போயி புடிச்சிக்கிறீங்களா?"

"புடிச்சிக்கிட்டேன்" என்றேன்.