கடலுக்கு நான்கெல்லை

என் கொழுந்தனார் லிபர்டேரியன் ஆகிவிட்ட செய்தியை எங்கள் தெரு முதலில் தப்பாகத்தான் புரிந்துகொண்டது. மூலைக்கடை அண்ணாச்சி என்னிடம், "டீச்சர், உங்க கொழுந்தனாருக்கு லைப்ரேரியன் வேலை கிடைச்சிருக்காமே, எந்த லைப்ரரி?" என்று கேட்டார். சிமெண்டும் கம்பியும் விற்கிற மனிதருக்கு இது எதற்கு என்று நானும் குழம்பினேன். கடையில் ஆள் வராத மத்தியான வேளைகளில் செல்போனில் வெள்ளைக்காரர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

தனிமனிதன், அவன் சொத்து, அவன் விருப்பம். நடுவில் அரசாங்கம் எதற்கு? லிபர்டேரியன் ஞானத்தின் சாரம் இவ்வளவுதான். வரி கொள்ளை, ரேஷன் அரிசி பிச்சை, லைசென்ஸ் லஞ்சம் வாங்கச் செய்த ஏற்பாடு. கடைசியில் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. நான் பெண்களுக்கான இலவசப் பேருந்தில் சாயர்புரம் போய்வந்தால், "யாரு காசுல போய்ட்டு வாரீங்க மைனி?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்பார். அரசாங்கம் போடுகிற சாலைக்கு அவர் கடை சிமெண்ட் லாரி லாரியாகப் போவதைப் பற்றி நான் கேட்டதில்லை. அது வியாபாரமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிடும்போது கடலுக்கே வந்துவிட்டார். "மீனு ஏன் குறையுது? முத்துச்சிப்பி ஏன் போச்சு? கடலு யாருக்கும் சொந்தமில்ல, அதான். பிளாட் போட்டு வித்துரணும். அவனவன் இடத்த அவனவன் பாத்துக்கிடுவான்."

"வித்துரலாம் தம்பி. பத்திரத்துல நான்கெல்லை எழுதணுமே, கடலுக்குக் கிழக்க யாரு வீடுன்னு எழுதுவீங்க?" என்றேன். இன்னாருடைய மனைக்கு மேற்கு, இன்ன பாதைக்குத் தெற்கு என்று நாலு பக்கமும் எழுதாமல் எங்கள் பக்கம் ஒரு சென்ட் நிலம்கூடக் கைமாறாது. என் கணவர் சிரித்துவிட்டார். தம்பிக்காரர் சிரிக்கவில்லை.

அண்ணன் தம்பி இரண்டு பேர் வீடும் பக்கத்துப் பக்கம்தான். இரண்டு பத்திரத்திலும் கிழக்கு எல்லை ஒன்றே: ஓடைப் புறம்போக்கு. மழைத் தண்ணீர் எங்கள் வீட்டை ஒட்டி வந்து, அவர் வீட்டைக் கடந்து, கடலுக்குப் போகிற ஓடை அது. அதன் குறுக்கே சுவர் எழுப்பி அவர் சிமெண்ட் குடோன் கட்டினார். இது என்ன நியாயம் என்று கேட்டேன்.

"புறம்போக்குன்னா யாருக்கும் சொந்தமில்லாதது மைனி. முதல்ல உழைச்சு எடுத்தவனுக்குத்தான் அது. இயற்கை உரிமை."

எல்லாருக்கும் சொந்தமானது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தச் சொல்லுக்கு வசவாகவும் ஒரு உபயோகம் உண்டு. நாக்கு நுனிவரை வந்ததை, தமிழ் டீச்சர் ஆயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன்.

ஐப்பசி மழை பிடித்தது. ஓடை சுவரில் முட்டித் திரும்பி எங்கள் வீட்டுக்குள் வந்தது. இடுப்பு ஆபரேஷன் முடிந்து திரும்பிப் படுக்கக்கூட முடியாமல் என் கணவர் முன்னறைக் கட்டிலில் கிடந்தார். கட்டில் காலுக்குச் செங்கல் வைத்தேன். தண்ணீர் செங்கலையும் மூடியது. முழங்கால் தண்ணீரில் நடந்துபோய், சுவரில் ஒரு ஓட்டையாவது போடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"என் சுவரை உடைக்கச் சொல்லுதது பலவந்தம் மைனி. கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்லா. ஒரு மோட்டார் வாங்கிப் போட்டு இறைங்க. நம்ம கடையிலயே இருக்கு, வெலையில கொஞ்சம் குறைச்சுத் தாரேன்."

அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அது அவர்மேல் மட்டும் வந்த கோபமும் இல்லை. அந்தக் குடோனுக்குக் கரண்ட் கொடுத்ததும் கதவு எண் கொடுத்ததும் அரசாங்கம்தான். மழைக்கு முன்பு நான் கொடுத்த புகாரை வாங்கி வைத்துக்கொண்டு தூங்கியதும் அதுதான். மறுநாள் காலையில் தண்ணீர் எதிர்ச்சாலையில் ஏறி ஒரு அதிகாரியின் பங்களாவுக்குள் புகுந்த பிறகுதான் அதற்கு விழிப்பு வந்தது. உடனே ஜேசிபி வந்தது. நம் சுதந்திர புருஷர் அதன் முன்னால் நின்றுகொண்டு, "மேலிடத்துல யாரையாச்சும் பிடிச்சு இத நிப்பாட்டுங்க" என்று கவுன்சிலருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். சுவர் விழுந்தது. சாயங்காலத்துக்குள் எங்கள் வீட்டுத் தண்ணீர் கடலுக்குப் போய்விட்டது.

மழை விட்டதும் கொழுந்தனார் வந்து அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்தார். நான் கொடுத்த காபியை வாங்கிக்கொண்டு, "மைனி, நீங்க தமிழ் டீச்சர்லா, ஒரு மனு எழுதித் தாங்க. அந்த ஓடைய எனக்குப் பட்டா போட்டுத் தரணும்னு தாசில்தாருக்கு" என்றார்.

"அரசாங்கமே வேண்டாம்னீங்களே தம்பி?"

"பட்டா குடுக்கதுக்காவது ஒண்ணு வேணும்லா மைனி."

அறைச் சுவரில் தண்ணீர் நின்ற கறையையே பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஏலே, நான்கெல்லை சரியா எழுதச் சொல்லு. மேற்க என்ன இருக்கு?"

"நம்ம வீடுதான்ணே."

"வீடுன்னு எழுதாத. தண்ணியில கிடந்த அண்ணன் கட்டிலுக்குக் கிழக்குன்னு எழுது."

கொழுந்தனார் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மனுவை நான் இன்றுவரை எழுதவில்லை.