ஈஜிபுரா வீடும் அடைப்பு நாட்களும்

வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் எத்தனை பேர், என்ன வேலை, மாமிசம் சமைப்பீர்களா என்று விசாரிப்பதுதான் வழக்கம். ஈஜிபுராவில் எங்களுக்கு வீடு கொடுத்தவர் இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டுல சாகிற வயசுல யாராவது இருக்காங்களா சாமி?" என்றார்.

இருந்தார். அவருக்காகத்தான் வீடே தேடினோம்.

பெரிய யுத்தம் முடிந்த சமயம் அது. நான் தண்டில், அதாவது பட்டாளத்துக்காரர்கள் இருந்த பகுதியில், ஒரு துணிக்கடையில் துணி அளந்து கொடுக்கும் வேலையில் இருந்தேன். அல்சூரில் ஒரு சந்தில் குடித்தனம். நான், என் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், மாமனார். அவர் ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் காலமாகிவிட்டதாலும், வேறு பிள்ளைகள் இல்லாததாலும் மகளோடு வந்துவிட்டார். அவருக்கு இழுப்பு நோய். சந்தில் பத்து வீட்டு அடுப்புப் புகையும் எங்கள் வீட்டில்தான் வந்து இளைப்பாறும். டாக்டர் வந்து பார்த்து, நல்ல காற்று வேண்டும் என்றார். என் மனைவியின் தலைவலிக்கும் அவர் நல்ல காற்றைத்தான் சொன்னார். என் காலில் கட்டி வந்தபோதும் அதையேதான் சொன்னார். அவரிடம் இருந்த ஒரே மருந்து அது. அதையும் நாமே போய்த் தேடிக்கொள்ள வேண்டும்.

அப்போது ஈஜிபுரா ஒரு சின்ன ஊர். ராகி வயல், ஒரு ஏரி, நாட்டு ஓடு போட்ட வீடுகள், அவ்வளவுதான். ஒருவர் இருமினால் இன்னார் இருமல் என்று ஊர் முழுவதும் சொல்லிவிடும், அத்தனை அமைதி. வீட்டுக்காரரை எல்லாரும் கவுடர் என்பார்கள். எங்களுக்கு விட இருந்தது அவர் வீட்டுக்கு எதிர்வீடு.

மாமனாரைப் பற்றி மறைக்காமல் சொன்னேன். கவுடர் சந்தோஷப்பட்டார்.

"உண்மை சொன்னீங்க. போறது தப்பில்லை சாமி, எல்லாரும் போகணும். ஆனா நாள் பார்த்துப் போகணும்."

பிறகு விளக்கினார். தனிஷ்டா, அதாவது நம் அவிட்டம், தொடங்கி ரேவதி வரை ஐந்து நட்சத்திரம் ஆகாதவை. அந்த ஐந்து நாளில் ஒரு வீட்டில் உயிர் போனால் ஆறு மாதம் அந்த வீட்டைப் பூட்டி வைக்க வேண்டும். போன வருஷம் ஏரிக்கரையில் ஒரு கிழவி யோசனையில்லாமல் அப்படிச் செய்துவிட்டாளாம். பூட்டிய வீட்டில் பாம்பு புகுந்து, ஓடு சரிந்து, வீடே குட்டிச்சுவராகிவிட்டது. ஆகவே அந்த ஐந்து நாட்களில் மாமனாருக்கு மூச்சு வாங்கினால், அவரை வயல் கொட்டகைக்கு மாற்ற நான் சம்மதிக்க வேண்டும். கொட்டகை விசாலமானது, அவருடைய இரண்டு காளைகளும் அங்கேதான் சௌக்கியமாக இருக்கின்றன என்றும் சொன்னார்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை, எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. விடிந்ததும் குளித்து, விபூதி பூசி, முருகன் படத்துக்கு முன் நின்றுவிட்டுத்தான் பச்சைத் தண்ணீரே குடிப்பேன். கார்த்திகை நட்சத்திரம் தவறாமல் விரதம். பஞ்சாங்கம் பார்க்காமல் ஒரு செருப்புக்கூட வாங்கியதில்லை. வீட்டில் இருந்த என் தமிழ்ப் பஞ்சாங்கத்தின்படி அடைப்பு நட்சத்திரம் ஐந்தல்ல, பதின்மூன்று. அந்த ஐந்துக்கும் ஆறு மாதம். ரோகிணிக்கு நாலு மாதம். கார்த்திகை, உத்திரத்துக்கு மூன்று. இன்னும் ஐந்துக்கு இரண்டிரண்டு மாதம். மாதத்தில் பாதி நாள் ஒரு மனிதன் சாகவே முடியாது.

கவுடருக்குத் தெரியாத அந்த எட்டை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, இதில் பொய் எங்கே இருக்கிறது என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டு தலையை ஆட்டினேன். கொட்டகை விஷயத்தை மனைவியிடமும் சொல்லவில்லை.

குடிபோன முதல் மாதம், அவிட்டம் பிறந்த காலையில் கவுடர் வந்தார். பெரியவர் தூங்கினாரா, கஞ்சி குடித்தாரா, சளி வெளியே வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சாயங்காலமும் வந்தார். ஐந்து நாளும் அப்படியே. என் மனைவிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கூடப் பிறந்த அண்ணன் இருந்தால்கூட இப்படி விசாரிக்க மாட்டான் என்று இரண்டு வேளையும் காப்பி போட்டுக் கொடுத்தாள். ரேவதி முடிந்த மறுநாளிலிருந்து மனிதரைக் காணோம். கவுடருக்கு உடம்பு சரியில்லையோ என்று இவள் கவலைப்பட்டாள். அறுவடை வேலை என்று சொல்லி வைத்தேன்.

மார்கழி மாதத்து ஐந்து நாளில் மாமனாருக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது. அரை மணியில் வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே கம்பளி விரித்திருந்தது. கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வரலாம் என்று கவுடர் அழைத்தார். மாமனார் ஆசையாக ஏறிக்கொண்டார். மூன்று நாள் கொட்டகையில் இருந்தார். அவரைக்காய் காய்க்கும் காலம் அது. பறித்த கையோடு சட்டியில் வேக வைத்து உப்புப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ரேவதி முடிந்து திரும்பி வந்தபோது கன்னத்தில் சதை பிடித்திருந்தது. டாக்டர் சொன்ன காற்று அங்கேதான் இருந்தது போலும்.

அடுத்த மாதம் அவிட்டம் பிறப்பதற்கு முன்னாலேயே அவர் இழுக்க ஆரம்பித்துவிட்டார். வண்டி வந்து தயாராக நின்றது.

ஆனால் அவர் கால அட்டவணையோடு வாழ்ந்த மனிதர். மூன்றாம் தடவை வண்டி வந்தபோது கணக்குப் பிடித்துவிட்டார். கவுடரையே நேராகக் கேட்டார். கவுடரும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் மாமனார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மனைவியும் பக்கத்தில் இருந்தாள்.

"மாப்பிள்ளை, நான் முப்பது வருஷம் கூட்ஸ் வண்டிக்குப் பச்சைக் கொடி காட்டினவன். வண்டி எப்போ கிளம்பணும்னு ஸ்டேஷன் மாஸ்டரைத்தான் கேப்போம். மூட்டையைக் கேக்க மாட்டோம். இந்த ஆளு மூட்டைகிட்ட வந்து கேக்குறாரு."

சொல்லிவிட்டு மூச்சுத் திணறத் திணறச் சிரித்தார். அவருக்குக் கோபமே இல்லை. கோபப்பட்டது அவருடைய மகள்.

"எங்கப்பாவை மாட்டுக்குப் பக்கத்துல படுக்கப் போடறேன்னு வாக்குக் கொடுத்துட்டுத்தான் இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தீங்களா?"

அங்கேயும் காற்று நன்றாக இருக்கிறது என்றேன்.

"அப்ப நீங்க போய்ப் படுங்க."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கவுடர் வந்தபோது காப்பி வரவில்லை, இவள்தான் வந்தாள். அப்பாவின் உயிர் போனால் இந்த வீட்டில், மகள் பக்கத்தில் இருக்கும்போதுதான் போகும், வண்டி இனி வாசலுக்கு வரக்கூடாது, வீட்டைப் பூட்ட வேண்டி வந்தால் எங்களை வெளியே தள்ளிப் பூட்டிக்கொள்ளுங்கள் என்று நிதானமாகச் சொன்னாள். கவுடர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கொடுத்த வாக்கு என்னுடையது, பேச்சு அவளுடையது. வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு அந்த ஐந்து நாட்களிலும் எங்கள் வீட்டுக்குள் வரமாட்டார். எதிரே தன் வாசலில் நின்றுகொண்டு காது கொடுத்துக் கேட்பார். எங்கள் வீட்டிலிருந்து இருமல் சத்தம் வந்தால் முகம் தெளிந்துவிடும். வராவிட்டால் துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார். இதைத் தெரிந்துகொண்ட மாமனார் இருமலை அடக்கிக்கொண்டு ஜன்னல் வழியாக அவரை வேடிக்கை பார்ப்பார். வேறு பொழுதுபோக்கு இல்லாத மனிதர்.

பங்குனி கடைசியில் காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை விளையாட்டில்லை. அதுவும் சரியாக அந்த ஐந்து நாட்களில். கவுடர் கிராம தேவதைக்கு ஆடு நேர்ந்துகொண்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் ஒருவர்தான் எங்களுக்குச் சமமாக வேண்டிக்கொண்டவர், அந்த வேண்டுதலில் குறை சொல்ல மாட்டேன். ரேவதி முடிந்த காலையில் வாசலில் தயங்கி நின்றார். என் மனைவி விலகி வழிவிட்டாள். அவர் பாயருகில் உட்கார்ந்து மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனி பயமில்லை யஜமான்ரே. இருபத்திரண்டு நாளு. உங்க இஷ்டம்."

"சந்தோஷம்," என்றார் மாமனார். குரல் எழும்பவில்லை. "லைன் கிளியர் கொடுத்துட்டீங்க."

அதற்கு மூன்றாம் நாள் கார்த்திகை. விரதம் இருந்தேன். மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து மாமனாரின் காலைத் தொட்டேன், சில்லிட்டிருந்தது. டாக்டரை அழைத்து வந்தேன். அவர் நாடியைப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து வைத்தார், போய்விட்டார்.

கார்த்திகைக்கு அடுத்தது ரோகிணி. அதுவும் அடைப்பு நாள் என்பது ஊரில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரிந்த விஷயம். முருகன் படத்துக்குக் கீழே இருந்த பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு பாயருகில் உட்கார்ந்தேன். ரோகிணி பிற்பகல் வரை இருந்தது. அதன் பிறகு மிருகசீரிடம். பிற்பகல் வரை மூச்சு தாங்கினால் நாலு மாத அடைப்பு இரண்டு மாதமாகக் குறையும். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் நடந்தது இதுதான். ஒரு மனிதர் போய்க்கொண்டிருந்தார், நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நாழிகையை மணியாக மாற்றிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் புஸ்தகத்தை மூடுங்க," என்றாள் என் மனைவி. "அப்பா உங்களைத்தான் பாக்குறாரு."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எத்தனை நேரமாகவோ தெரியவில்லை. புத்தகத்தை மூடினேன். கரண்டியால் தண்ணீர் விட்டேன். நெற்றியில் விபூதி இட்டு முருகா முருகா என்று சொன்னேன். தலை மகளின் மடியில் இருந்தது. பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கவுடர் ஓடி வந்தார். உண்மையாகவே அழுதார். பந்தலுக்கு மூங்கில் கொடுத்தார், வந்தவர்களுக்கு மோர் கொடுத்தார், வருகிறவர்கள் எல்லாரிடமும் ஒன்றையே சொன்னார். எப்பேர்ப்பட்ட மனுஷர், இருந்த வீட்டுக்கு ஒரு கெடுதல் வைக்காமல் நல்ல நாள் பார்த்துப் போனார் என்று. ஊரே ஆமாம் ஆமாம் என்றது. ஆண் பிள்ளை இல்லாததால் கொள்ளிச் சட்டி என் கையில் இருந்தது. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

கருமாதி முடியும்வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. சாமி படத்தின் முன் நின்றால் வாய்க்கு வார்த்தை வரவில்லை. ஒரு நாள் காலை, பஞ்சாங்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்று மனைவி கேட்டாள்.

பதின்மூன்று என்று சொன்னேன். ரோகிணியும் அதில் உண்டு, நாலு மாதம், எனக்கு முதலிலிருந்தே தெரியும் என்றும் சொன்னேன். கவுடருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எல்லாவற்றையும் படிக்கச் சொன்னார். ஒவ்வொன்றாகப் படித்தேன். சித்திரை என்றதும் கையை உயர்த்தினார்.

"சித்தா நட்சத்திரமா?"

"ஆமாம் கவுடரே."

"எத்தனை மாசம்?"

"ரெண்டு."

அவர் தன் வீட்டு உள்ளறையைத் திரும்பிப் பார்த்தார்.

"நம்ம யஜமானி போனது சித்தா. அதோ அந்த ரூம்லதான். மூணாம் நாளே நான் அங்க பாய் போட்டேன் சாமி. அவ சேலையெல்லாம் அங்கதான் கொடியில இருந்துச்சு, வேற எங்க போய்ப் படுக்கிறது? இன்னிக்கு வரைக்கும் அங்கதான் படுக்கிறேன்."

அவர் மனைவி இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. நான் பஞ்சாங்கத்தைப் பார்த்தபடி இருந்தேன். அதில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

"எங்க புரோகிதர் அஞ்சுன்னு சொன்னாரு," என்றார் கவுடர். "இந்த ஊருக்கு அஞ்சே இருக்கட்டும்."

புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். வேறு யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, காலி செய்யச் சொல்லவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். ஆனால் எனக்கு நம்பிக்கை போய்விடவில்லை. மாமனார் படுத்திருந்த அறையை நாலு மாதம் பூட்டத்தான் வேண்டும் என்று அப்போதும் மனம் சொல்லியது. பூட்டும் வாங்கி வைத்திருந்தேன். அறை வாசலுக்குப் போனேன். அவள் அவருடைய பாயை வெயிலில் உலர்த்தி மறுபடியும் விரித்திருந்தாள். குழந்தைகள் இரண்டும் அதில் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. திறந்த ஜன்னல் வழியாக ஏரிக் காற்று வந்தது. பூட்டை மடியில் செருகிக்கொண்டு, சத்தம் போடாமல் கடைக்குப் புறப்பட்டேன்.