மூன்றடி வாசல்

வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போய்ச் சில வருசங்களுக்குப் பிறகு, துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த பழைய தொழிலாளர் லயன் வீட்டு வரிசைகளை இடித்துப் பன்னிரண்டு வீடுகள் கட்டும் வேலை எங்கள் கட்டடக் கந்தோருக்கு வந்தது. அங்கே வீட்டுப் படம் கீறுகிறவன் நான். தளத்து வேலை போன குடும்பங்கள் இருந்த இடத்திலேயே ஏதாவது செய்து பிழைக்கட்டும் என்று, முன்னுக்குத் தொழில் அறை, பின்னுக்கு வீடு என்று கீறச் சொன்னார்கள்.

குடியேறப் போகிறவர்களைக் கேட்டுவிட்டுக் கீறலாம் என்று எனக்குத்தான் தோன்றியது. ஒரு கிழமை வெயிலில் சைக்கிளில் திரிந்தேன். ஒரு தையல்கார அக்கா விபரமாகச் சொன்னா. புருசன் காலமாகிவிட்டார், மூன்று பிள்ளைகள். மிசினில் இருந்தபடியே உலையும் பிள்ளைகளும் கண்ணில் பட வேண்டும், அதனால் தொழில் அறைக்கும் சமைக்கிற குசினிக்கும் நடுவில் ஒரு வாசல் வேண்டும் என்றா. பக்கத்து வீட்டுக்கு வரவிருந்த, கிண்ணியா ஊரைச் சேர்ந்த தகரவேலைக்காரர், பின்னுக்கு மதில் வேண்டாம், எல்லாருக்கும் ஒரே முற்றமாக விடுங்கள் என்றார். தகரத்தில் வாளி அடிக்க இடம் கிடைக்கும், ஆளுக்காள் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் முன்னாலேயே கீறிக் காட்டினேன். வாசல் மூன்றடி. அக்கா அதை விரலால் தொட்டுப் பார்த்தா.

எங்கள் எஞ்சினியர் அந்தப் படத்தை ஐந்து நிமிடமும் பார்க்கவில்லை. அடுப்படியும் வாடிக்கைக்காரரும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று வாசலைச் சிவப்புப் பென்சிலால் அடித்தார். முற்றத்தைப் பன்னிரண்டாக வெட்டி மதில் போட்டார். ஒருதரம் மறுத்துப் பார்த்தேன்.

“நீர் கீறும். யோசிக்கிறது என்ரை வேலை.”

திரும்பக் கீறினேன்.

வீடுகள் எழும்பின. ஆட்கள் வந்தார்கள். சில மாதத்தில் போய்ப் பார்த்தால் அக்காவின் தொழில் அறையில் விறகு அடுக்கிக் கிடந்தது. மிசின் குசினிக்குள். தைத்த சட்டையெல்லாம் புகை மணக்குது என்று ஆட்கள் திருப்பிக் கொடுக்கிறார்களாம். தகரவேலைக்காரர் ரோட்டோரத்தில் குந்தியிருந்து வாளி அடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள், அந்த அக்கா சுவரை உடைத்துவிட்டா என்று கந்தோருக்குக் கதை வந்தது. அடைக்கச் சொல்லிக் கடிதம் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். போனபோது உடைத்த கல்லெல்லாம் ஒரு மூலையில் ஒழுங்காக அடுக்கியிருந்தது. கடிதத்தை வாங்கி, வாசிக்காமல் மிசின்மேல் வைத்தா.

“தம்பி, நீங்கள் கீறிக் காட்டின அளவுக்குத்தான் உடைச்சனான். மூண்டடி. ஒரு அங்குலமும் கூடுதல் இல்லை.”

நாடாவை எடுத்து அளந்தேன், என்னத்துக்கென்று தெரியாமல். மூன்றடிதான். அவ தேத்தண்ணி தந்தா, குடித்தேன். கந்தோருக்குத் திரும்பி, வாசல் அடைத்தாயிற்று என்று எழுதிக் கொடுத்தேன். யாரும் போய்ப் பார்க்கவில்லை. அந்த வருசத்துக்குள்ளேயே மற்ற வீடுகளிலும் உடைத்தார்கள். பின்மதில்களும் ஒவ்வொன்றாகப் போய், முற்றம் ஒன்றாகிவிட்டது.

நான் செய்தது அந்த ஒரு பொய்தான். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அடுத்த வீட்டு வரிசைக்குப் படம் கேட்டபோது ஒருத்தரையும் கேட்கப் போகவில்லை, களைத்துப்போயிருந்தேன். எஞ்சினியர் கையெழுத்து வைத்த பழைய படத்தை எடுத்து, தெருவின் பெயரை மட்டும் மாற்றி, சுவர்களையெல்லாம் அப்படியே கீறிக் கொடுத்தேன்.